கழுதைக்குக் குளம்பு வெட்டும் அண்ணன்: ஒன்றரை வருடம் கழித்து ஒரு விமர்சனம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அண்ணன் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "நாளைக்கு வாரேன் தங்கச்சி" என்பார், அது எந்த நாளை என்று மட்டும் கேட்கக் கூடாது. சித்திரையில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் நடக்கிற நாட்களில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. பில் தர மாட்டார், பேஸ்புக் பக்கம் கிடையாது, வட்சப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. இவ்வளவும் இருந்தும், மலையகத்தில் யாராவது ஒரு கழுதையையோ வயசான மட்டக்குதிரையையோ வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முழித்தால் இவரைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். பெயரும் நம்பரும் நான் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டதற்கு, "போட்டா எடுக்கணுமே" என்றார். நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கிறவர்களிடம் லாடம் அடிக்கிறவர் யார் என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

எங்களிடம் இருப்பது இரண்டு கழுதைகள். தலவாக்கலைக்குப் பக்கத்தில் கழுதை எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கழுதை என்றால் மன்னார், புத்தளம், கற்பிட்டி. வெயிலும் மணலும் உள்ள பக்கம். அங்கிருந்து ஒரு தங்குமிடக்காரர் இரண்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார், வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் பிடிக்க. பிறகு 2020இல் கொரோனா வந்தது, வெள்ளைக்காரர் வரவில்லை. 2022இல் டீசலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் அந்த இடத்தையே பூட்டிவிட்டுப் போய்விட்டார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இவை இரண்டும் உண்மையிலேயே பின்பக்கத்து இடிந்த சுவரில் சாய்ந்தபடிதான் நின்றன. கயிறு கழுத்தில் இறங்கி மயிர் போயிருந்தது. முதுகெலும்பை எண்ணலாம், வயிறு மட்டும் பானை மாதிரி, உள்ளே பூச்சி. வழியில் போகிறவர்கள் இரக்கப்பட்டு வீசிய பாண் துண்டும் கோவா இலையும்தான் சாப்பாடு. காவலுக்கு இருந்தவர், "கொண்டு போங்க, எனக்கும் பாவம்" என்று ஒரு கடிதத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்தார். 2023 ஆவணியில் அவற்றை நடத்திக் கூட்டிவந்தோம். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம், நாலு மணி நேரம் பிடித்தது.

நாலு மணி நேரத்துக்குக் காரணம் பிடிவாதம் இல்லை, குளம்பு. பெட்டைக்கு எங்கள் லயத்துப் பிள்ளைகள் ராணி என்று பெயர் வைத்தார்கள். அதன் முன்னங்கால் இரண்டிலும் குளம்பு வளர்ந்து, நுனி எருமைக்கொம்பு மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. அடிப்பாகம் தரையிலேயே படவில்லை, குதிகாலில்தான் நடந்தது. மற்றது விதை நீக்கிய ஆண், பெயர் பூச்சி. அதற்குக் குளம்பு அவ்வளவு மோசமில்லை, ஆனால் பக்கத்தில் போனால் அழுகிய நாற்றம் அடிக்கும்.

பக்கத்து வீட்டு மாமா முப்பது வருடம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "தேயிலை மரத்தையே வெட்டுறோம், இது என்ன, ஒரே போடு." அம்மா நடுவில் போய் நிற்காவிட்டால் போட்டிருப்பார். அரச கால்நடை வைத்தியர் வந்து பூச்சி மருந்து கொடுத்தார், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டார் (கழுதை, குதிரை சாதிக்கு ஏற்பு வலி சுலபமாக வரும், ஒரு சின்னக் காயம் போதும்), குளம்பைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கை பழகின ஆள் வேணும்" என்று உண்மையைச் சொன்னார். மாடும் ஆடும் பார்க்கிற ஊரில் அவர் வேறென்ன சொல்வார். அப்படித்தான் ஒரு டீக்கடையில் விசாரித்து, பிறகு இன்னொருவர் மூலமாக, இந்த அண்ணன் கிடைத்தார்.

வருகிறேன் என்ற நாளில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பதாம் நாள் காலை ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கினார், தோளில் ஒரு உரச்சாக்கு. உள்ளே பெரிய குறடு ஒன்று, இரண்டு அரம், நுனி வளைந்த சின்னக் கத்தி, குளம்பைத் தோண்டுகிற கொக்கி, ஒரு பழைய சாரம். வந்ததும் வேலையைத் தொடங்குவார் என்று பார்த்தால், மனுசன் பட்டிக்குள் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ராணியைப் பார்க்கக்கூட இல்லை. நாற்பது நிமிடம். நான் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நிற்கிறேன், இவர் பந்தயக் குதிரைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். நுவரெலியாவில் 1875இலிருந்து பந்தயம் ஓடுகிறது, அவருக்கு அதில் பாதி நேரில் தெரிந்த மாதிரிப் பேச்சு. எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன். ராணி மெதுவாக வந்து அவர் தோளை முகர்ந்தது. அவர் கையை நீட்டவில்லை, கதையையும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கழித்து அவர் கை அதன் தோளில் இருந்தது, அப்புறம் முழங்கையில், முழங்காலில், கணுவில். ஒவ்வொரு இடத்திலும் அது இழுத்தால் அவரும் நிறுத்தினார். குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும், அதைத்தான் நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்து அடிக்கிறோம் என்றார். காலை உயரத் தூக்கவும் இல்லை. அதற்கு மூட்டு வலி இருக்கும் என்று சொல்லி, மண்ணில் ஒரு முழங்காலைப் போட்டுத் தன் தொடையில் சாரத்தை மடித்து விரித்து, அதன்மேல் குளம்பை வைத்துக்கொண்டார். தரையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. பூச்சியை வெளியே கட்டலாமா என்று நான் கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தார். பூச்சி தலைமாட்டிலேயே நின்றது, ராணி அதன் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டு முழு நேரமும் நின்றது.

குறடு வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காய்ந்த கொட்டைப்பாக்கை வெட்டுகிற சத்தம், கொஞ்சம் பெரிதாக. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. வளைந்த நுனியில் மூன்று விரல்கடை அளவுதான் போனது. பிறகு அரம் போட்டார், எழுந்தார், முதுகை நிமிர்த்தினார், "இன்னைக்கு இவ்வளவுதான் தங்கச்சி."

எனக்கு ஏமாந்த மாதிரி இருந்தது. ஒன்பது நாள் காத்து, இரண்டுக்குமாக 3500 ரூபா கொடுத்து, பஸ் காசும் தந்து, ராணியின் குளம்பு பார்க்க அப்படியேதான் இருக்கிறது. இன்னும் வளைவு போகவில்லை. கேட்டேவிட்டேன். அவர் மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது, அதைச் சுற்றி இரத்தம் ஓடுகிற சதை. வெளிச்சுவர் இத்தனை நீளம் வளர்ந்த காலில் அந்த எலும்பு எங்கே, எந்தச் சாய்வில் நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வெட்டுவதுதான் முறை. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது, ஆனால் அன்று ராணி இருந்த நிலையில் லொறியில் அந்த வளைவுகளில் நிற்க வைத்துக் கொண்டுபோக முடியாது. அப்புறம் காலின் பின்பக்கத் தசைநாரெல்லாம் வருடக்கணக்காக இந்தக் கோணலுக்கே பழகிப்போயிருக்கிறது. ஒரே நாளில் நேராக்கினால் பார்க்கிற நமக்குத்தான் அழகு, நடக்கிற அதற்கு வலி. "கவ்வாத்துல மரத்தோட மேல்பக்கத்தைத்தானே வெட்டுறோம்? மரம் வேர்லதானே நிக்குது. இது வெட்டின கால்லயே நிக்கணும்."

அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு மாமா கத்தியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஆகவே இந்தச் சேவையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவர் கொஞ்சமாக வெட்டுவார். ராணிக்கு முதல் நாலு தடவை மூன்று மூன்று வாரத்தில் வரச் சொன்னோம் (அவர் கணக்கில் அது நாலு, ஐந்து வாரம்), பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. சாதாரணமாக ஒரு கழுதைக்கு ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் ஒரு தடவை வெட்ட வேண்டும், இதைப் பல வருடம் விட்டதன் விளைவுதான் அந்த எருமைக்கொம்பு. குளம்பு மேலிருந்து கீழே முழுதாகப் புதிதாய் வளர்ந்து வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். அதனால்தான் இந்த விமர்சனத்தை இரண்டு மாதத்தில் எழுதாமல் ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறேன். இப்போது ராணியின் முன்னங்கால் முழுதாகத் தரையில் படுகிறது. இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கும், அது இனிச் சரிவராது என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். பொய் நம்பிக்கை கொடுக்காததற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் போடலாம்.

வெட்டுவது அவர் வேலையில் பாதிகூட இல்லை. மீதி எங்களைத் திட்டுவது. இரண்டாம் தடவை வந்தபோது பட்டித் தரையைப் பார்த்தார், அரத்தை எடுக்கவே இல்லை. "ஈரத்துல நிக்க வச்சுட்டு என்னைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?" பஸ் காசை மட்டும் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. வறண்ட நிலத்தில் பிறந்த சாதி, குளம்பு தண்ணீரை உறிஞ்சி ஊறிவிடும், உடம்பு மயிரிலும் மழைநீர் வழிந்தோடாது, தோல்வரை நனையும். எங்கள் ஊரில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாதிவரை விடாது. இங்கே கழுதைக்கு மருந்தைவிட முதலில் வேண்டியது கூரையும் காய்ந்த தரையும். பட்டியின் ஒரு பக்கத்தை இரண்டடி உயர்த்தி, கல் அடுக்கி, மேலே மரத்தூள் போட்டு, தகரத்தை நீட்டி இறக்கினோம். அதற்கு ஆன செலவை இங்கே எழுதினால் என் வீட்டுக்காரர் படிப்பார், வேண்டாம்.

பூச்சியின் நாற்றம் எங்கிருந்து என்றும் அவர்தான் காட்டினார். குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி இருக்கிறது, அதன் இரு பக்கப் பள்ளத்திலும் கறுப்பாகக் களி மாதிரி அழுகல். கொக்கியால் அதை எடுக்க வேண்டும், கழுவ வேண்டும், முக்கியமாகத் துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டும், பிறகு அயோடின். தினமும். கொக்கியை எப்போதும் குதிகாலிலிருந்து நுனிப்பக்கமாக இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் இழுத்தால் மெத்தைக்குள் குத்தும். இதை என் கையைப் பிடித்து நாலு காலிலும் செய்யவைத்துவிட்டுத்தான் டீயைக் குடித்தார். ஆறு வாரத்தில் நாற்றம் போய்விட்டது.

சாப்பாட்டு விஷயத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டினி கிடந்த பிராணி என்று அம்மா அள்ளிப் போட்டார், இந்தப் பக்கம் மரக்கறித் தோட்டம் நிறைய, கரட் இலை, கோவா, பீட்ரூட் எல்லாம் சும்மா கிடைக்கும். முதலாம் வருட முடிவில் ராணியின் பிடரி தடித்து ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. நாங்கள் சந்தோசப்பட்டோம், தேறிவிட்டது என்று. அண்ணன் அந்தப் பிடரியைப் பிடித்து ஆட்டிக் காட்டி, இது தேறல் இல்லை, கொழுப்பு, இதோடு பச்சைப் புல்லும் சேர்ந்தால் குளம்புக்குள் வீக்கம் வரும், இத்தனை மாதம் நான் வெட்டியதெல்லாம் வீண் என்றார். கழுதைக்கு வைக்கோல் போதும், காய்ந்த நார்த்தீனிதான் அதன் வயிற்றுக்குச் சரி. கோவா வயிற்றை ஊதவைக்கும், பாண் வேண்டவே வேண்டாம். சரி என்று மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தப் போனேன், அதற்கும் திட்டு. கொழுத்த கழுதையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும், சில நாளில் செத்தும் போகும். மெதுவாகக் குறைக்க வேண்டும். ஒரு கழுதை ஒரு நேரம் சாப்பிடாமல் நின்றாலே வைத்தியரைக் கூப்பிட வேண்டும், வலியை வெளியே காட்டாத பிராணி அது, காட்டும்போது நேரம் கடந்திருக்கும். பின்னர் இணையத்தில் இங்கிலாந்தின் டொங்கி சாங்சுவரி எழுதி வைத்திருப்பதைப் படித்தேன், 1969இலிருந்து இதே வேலையாக இருப்பவர்கள், அவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நாலு வரியில் சொல்லியிருந்தார். இப்போது வெலிமடைப் பக்கத்து வயல்களிலிருந்து வைக்கோல் வருகிறது. லொறிக் கூலிதான் வைக்கோலைவிட அதிகம்.

தவறே செய்ய மாட்டாரா? செய்தார். ஐந்தாம் தடவை என்று நினைக்கிறேன், பூச்சியின் வலது பின்னங்குளம்பில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அரம் போட்டுவிட்டார். இரத்தம் வரவில்லை, ஆனால் நாலு நாள் நொண்டியது. வழக்கம்போல போன் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன், கொஞ்சம் சூடாகவே. ஆச்சரியமாக மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறார். பார்த்தார், "என் கைதான்" என்றார். சப்பைக்கட்டு இல்லை. மரத்தூளைத் தடிப்பாகப் போடச் சொல்லி, அடுத்தடுத்த நாள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், ஒரு சதம் வாங்கவில்லை. கொழும்பில் நான் காசு கொடுத்து வாங்கிய எந்தச் சேவையிலும் "என் கைதான்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விலையைப் பற்றி. இரண்டுக்கும் சேர்த்து முதலில் 3500, இப்போது 4500, பஸ் காசும் மதியச் சாப்பாடும் தனி. இது கூடுதலா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் எழுதியது, 13ஆம் இலக்கம். பிராணியை வதைத்தால் அதில் எழுதியிருக்கிற ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. ராணியின் காலை அந்த நிலைக்கு விட்டவருக்கு, பிடித்து வழக்குப் போட்டிருந்தாலும், அந்தச் சட்டப்படி ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் செலவாகியிருக்கும். அதைச் சரிசெய்ய இதுவரை எங்களுக்கு ஆனது எவ்வளவு என்று மேலே சொன்ன காரணத்தால் சொல்ல மாட்டேன்.

யாருக்கு இவர் சரிப்பட மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சவாரிக்குக் குதிரை விடுகிறவர்கள் அவசரத்துக்குக் கூப்பிட்டால் கஷ்டம். கால் நொண்டுகிற பிராணிக்கு லாடம் அடித்து நாளைக்கே ஓடவிடு என்றால் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அப்படி ஒரு இடத்தில் சண்டை போட்டதை அவரே பெருமையாகச் சொன்னார். ஒரே ஒரு கழுதையை வளர்க்கப் போகிறேன், வந்து பாருங்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "ரெண்டா வாங்கு, இல்லாட்டி விடு" என்று வைத்துவிட்டாராம். உண்மைதான், சோடி பிரிந்த கழுதை சாப்பாட்டை விட்டுவிடும். மருந்து, ஊசி எதற்கும் இவர் கை வைக்க மாட்டார், அதற்கு வைத்தியர்தான். வடக்கில் இருக்கிறவர்களுக்கு இவர் தேவையே இல்லை, மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கியிருக்கிறது, தெருவில் அடிபடுகிற கழுதைகளுக்கு அது பெரிய உதவி. எங்களுக்குத்தான் இங்கே ஹட்டன் பஸ்ஸும் இந்த அண்ணனும்.

கூப்பிடுவதென்றால் சில விஷயம். வைகாசி மழைக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். முதல் நாளே தரையைக் காயவையுங்கள், ஈரம் பார்த்தால் திரும்பிவிடுவார். கழுதையைக் கட்டிப்போட்டு வைக்காதீர்கள், அவர் வந்தபின் அதுவே வரட்டும். அரை நாள் லீவு போதாது, முழு நாளும் போடுங்கள். பந்தயக் கதையைக் கேட்டுக்கொண்டிருங்கள், அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது. டீக்குச் சீனி மூன்று கரண்டி.

இன்னொன்று. லயத்து நாய்களுக்கு இவர் வரும் நாள் எப்படித் தெரிகிறது என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. எங்களுக்கே தெரியாது, அவருக்கே தெரியாது. ஆனால் பஸ் நிற்கும் முன்னாலேயே ஐந்தாறு நாய் பட்டி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், குறடு வெட்டிப் போடுகிற குளம்புத் துண்டுக்காக. கிடைத்ததைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் ஓடி, இரண்டு நாள் கடித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை ராணியின் காலில் வெட்டிய வளைந்த நுனியை மட்டும் அம்மா நாய்க்குக் கொடுக்கவில்லை. யன்னலில் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை எடுத்துப் பார்த்து, இது எந்த மாட்டுக் கொம்பு என்று கேட்கிறார்கள்.